பதினேழாவது கேஸ்

"ஏனுங்க, ஈரக் கையோட அதைத் தொடாதீங்க."

நீட்டிய கையைச் சாமியப்பன் அப்படியே நிறுத்திக்கொண்டான். மலையடிவாரத்துக் காரவள்ளியில் பொதிமாடுகளை அவிழ்த்துக் கட்டும் கொட்டகை அது. வெளியே ஐப்பசி மழை, வானத்துக்கும் பூமிக்கும் இடைவெளி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நாலு மாடு, இரண்டு மிளகு மூட்டை, ஒரு பெண். வெள்ளைப் புடவை. பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை. மடியில், எண்ணெய்த்துணியில் சுற்றிய ஒரு நோட்டு.

அந்த நோட்டைத்தான் அவன் எடுக்கப் போனான். வாழவந்தி நாட்டிலிருந்து விடிகாலையில் கிளம்பி, காட்டுப் பாதையில் வழுக்கி வழுக்கி அவன் இறங்கி வந்ததே அதற்காகத்தான்.

"அது எனக்கு வந்ததுங்க," என்றான்.

"உங்க பேரு எழுதியிருக்குதுங்களா?"

பேர் எழுதியிருக்காது. அங்கேதான் சிக்கல்.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாம் மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடையைப் பூட்டுவது ஒரு நாள் வேலை. குடித்துப் பழகிய ஆளை என்ன செய்வது? அந்தக் கேள்வியோடு ஆளுக்கொரு மூலையில் திண்டாடிக்கொண்டிருந்தவர்களைச் சேந்தமங்கலத்துக் கம்பவுண்டர் காளியண்ணன் ஒன்று சேர்த்தார். ராசிபுரத்தில் ஒரு வாத்தியார், சேந்தமங்கலத்தில் அவர், காளப்பநாயக்கன்பட்டி ஆஸ்பத்திரியில் ஒருவர், மலைமேல் வாழவந்தி நாட்டில் மதுவிலக்கு ஊழியன் சாமியப்பன். ஆக நாலே பேர். நினைத்தபோது கூடிப் பேச வழியில்லை. அதனால் மாதம் ஒருமுறை ஒரு நோட்டு நாலு ஊரையும் சுற்றிவரும். சுற்று நோட்டு என்று அதற்குப் பேர்.

இடப்பக்கத்தில் கேஸ், வலப்பக்கத்தில் யோசனை. யாருக்குக் கை நடுங்குகிறது, யாருக்கு மோர் வைத்தியம் கேட்டது, யாரைச் சாயங்காலக் கடை நேரத்தில் சடுகுடு ஆட இழுத்துப் போனதில் பழக்கம் விட்டது... எல்லாம் அதில் இருக்கும். ஒருவர் பட்ட பாட்டை மற்ற மூவரும் படாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. குடித்தவர் பேரை எழுதக் கூடாது, நம்பர்தான். எழுதுகிறவர் பேரும் கூடாது, ஊர்ப்பேரின் சுருக்கம்தான். 'ஊர் பேசட்டும், ஆள் பேச வேண்டாம்' என்பது கம்பவுண்டர் போட்ட சட்டம்.

"நான் வா.நாடுங்க," என்றான் சாமியப்பன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவன் அந்தக் கண்களைப் பார்த்தான்... பாதி கோபம், பாதி சிரிப்பு. எந்தப் பாதி முதலில் வெளியே வரும் என்று சொல்ல முடியாத கண்கள். மழை வெளிச்சம் வேறு அவற்றில் புகுந்து விளையாடிக்கொண்டிருந்தது.

"ஓ... 'ஒரேயடியாக நிறுத்துக' வா.நாடு நீங்கதானுங்களா?"

"ஆமாங்க. நீங்க...?"

"கா.பட்டி."

சாமியப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தான். ஏழு மாதமாக அந்தக் கா.பட்டியோடு நோட்டில் மல்லுக்கு நிற்கிறான். வழுக்கைத் தலையும் பொடி டப்பியுமாக ஒரு கிழவரை மனத்தில் வைத்துக்கொண்டு நின்ற மல்லு அது. போன மாதம்கூட எழுதியிருந்தான்... 'கா.பட்டி அவர்கள் முதுமையின் காரணமாக மனம் இளகி, கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சலுகை தருகிறார்கள்.'

"எனக்கு வயசு இருபத்து மூணுங்க," என்றாள் அவள். "முதுமை எந்தப் பக்கத்துல தெரியுதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

அவனுக்குக் காது இரண்டும் சூடேறியது. மாடு ஒன்று தலையை ஆட்டியது. அதுவும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறது என்று நினைத்தான்.

அவள் பேர் ருக்குமணி. அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். வழக்கமாக நோட்டைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போவது ஆயா அத்தாயி. அத்தாயிக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று இவள் வந்தாள். வந்த இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. அது அவ்வளவோடு நின்றிருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

மழை இரண்டு மணி நேரம் விடவில்லை. இவர்கள் சண்டையும் விடவில்லை.

"ஒரேயடியா நிறுத்தினா மூணாம் நாள் அந்த மனுசன், செவுத்துல பாம்பு ஊருதுங்கிறான், கொள்ளி வெக்க வாராங்கங்கிறான். அப்பப் பக்கத்துல நிக்கறது நானுங்க. உங்க சட்டம் வந்து நிக்காது."

"கொஞ்சம் கொஞ்சமா நிறுத்தறேன்னு எங்கப்பன் சொன்னாருங்க," என்றான் சாமியப்பன். "பதினோரு வருசம் சொன்னாரு. சொல்லிக்கிட்டே குடிச்சாரு. குடிச்சே செத்தாரு."

ருக்குமணியின் கண்களிலிருந்த இரண்டு பாதியும் காணாமல் போயின.

"இது நோட்டுல இல்லீங்களே..."

"நோட்டுல எழுதறதுக்கு இல்லீங்க."

அவள் தன் முந்தானை நுனியை நீட்டினாள். "கையைத் தொடச்சுக்குங்க. அப்புறம் வாங்கிக்குங்க," என்றாள்.

அவன் துடைத்துக்கொண்டான். நோட்டை வாங்கிக்கொண்டான். மலையேறும்போது வழியெல்லாம் கை மணத்தது. டெட்டால் வாசனைதான்... ஆனால் அவனுக்கு அது அப்படிப்படவில்லை.

கார்த்திகையிலும் அத்தாயிக்குக் காய்ச்சல். மார்கழியிலும் காய்ச்சல். தையிலும் அதே காய்ச்சல். அந்தக் காய்ச்சலை நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கொட்டகையில் நோட்டு கை மாறும். கை மாறுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அவர்களுக்கு ஒரு பகல் பிடித்தது.

மார்கழியில் ஒரு நாள் அவள் நாலாம் நம்பர் கேஸைப் பற்றிச் சொன்னாள். ஆனியில் குடியை விட்டவன். ஆறு மாதமாகத் தொடவில்லை. நோட்டிலேயே நல்ல கேஸ் அதுதான். 'நாலு தேறினால் நாம் நாலு பேரும் தேறிய மாதிரி' என்று வலப்பக்கத்தில் எழுதியது சாமியப்பன்தான்.

"அவரு எங்க மாமன் மவனுங்க," என்றாள்.

"ஆளைச் சொல்லக் கூடாதுங்களே."

"பேரைச் சொல்லலீங்களே. மொறையைத்தான சொன்னேன்." சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குன்னு பேசி வெச்சிருந்தாங்க. குடிச்சாருன்னு நின்னு போச்சு. ஒரு வருசம் தொடாம இருந்தா மறுபடி பேசலாம்னு எங்கய்யன் சொல்லுது. நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க..."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்தாள். பார்த்தாள்... பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவன் மூட்டைகளை எண்ணுகிறவன் போல மாடுகளின் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் மலைக்காரன், அவள் சமவெளிக் குடியானவர் பெண். கேட்டால் அவள் வீட்டில் சிரிப்பார்கள், என் வீட்டில் அடிக்க வருவார்கள். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை... இப்படித் தன் பயத்துக்கு ஒரு நல்ல பேர் வைத்துக்கொண்டான். ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை எப்போது என்று விரல் மடக்குவதை மட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை.

மாசியில் நோட்டைக் கொடுக்கும்போது அவள் அதிகம் பேசவில்லை. "புதுசா ஒரு கேஸ் எழுதியிருக்கறனுங்க. வலப்பக்கத்தை யோசிச்சு எழுதுங்க," என்றாள். குடையை விரித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மலைமேல் வந்து, வேலையெல்லாம் முடித்து, மிளகுக் கொடியின் நிழலில் உட்கார்ந்து அவன் நோட்டைப் பிரித்தான்.

'கேஸ் 17. வயது இருபத்து மூன்று. இதுவரை எந்தப் பழக்கமும் இல்லாதவர். நாலு மாதமாகத்தான் இப்படி. மாதத்துக்கு ஒரே தடவை. ஆனால் அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே தூக்கம் போய்விடுகிறது. கை நடுங்குகிறது. மழைக்காலம் முடிந்த பிறகும், மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். பழக்கம் உண்டான இடம் காரவள்ளி, பொதிமாட்டுக் கொட்டகை. வீட்டாருக்குத் தெரியாது. விட மனமில்லை. விட வேண்டுமா? வா.நாடு மட்டும் யோசனை எழுதினால் போதும். — கா.பட்டி.'

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. மாதக்கணக்கில் குடிகாரர்களைத் தவிர வேறு எதையும் படிக்காத அந்த மகானுக்கு மட்டும் புரியவில்லை. 'வா.நாடு மட்டும்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தான். கடைசியில் கா.பட்டிக்கே நம் வைத்தியத்தில் மதிப்பு வந்துவிட்டது என்று நெஞ்சு பூரித்தான். காரவள்ளியில் எவனோ திருட்டுத்தனமாகச் சாராயம் காய்ச்சுகிறான் என்று கோபமும் வந்தது. பேனாவை எடுத்தான். அவளுக்குப் பிடிக்க வேண்டுமே என்று எழுத்தை முத்துமுத்தாக எழுதினான்.

'நாலு மாதப் பழக்கம்தான். வேர் பிடிக்கவில்லை. பயப்பட வேண்டாம். கட்டாயம் விட வேண்டும், அதுவும் ஒரேயடியாக. மாதம் ஒருமுறைதானே என்று இடம் கொடுக்கக் கூடாது. அந்தக் கொட்டகைப் பக்கமே இனி தலைகாட்ட வேண்டாம். வீட்டாரிடம் சொல்லி, கூடிய சீக்கிரம் ஒரு கல்யாணத்தை முடித்துவைக்கவும். கால்கட்டு விழுந்தால் எல்லாம் தானாக மறந்துபோகும். — வா.நாடு.'

பங்குனியில் நோட்டைக் கொண்டுவந்தது அத்தாயி. காய்ச்சல் ஒரு வழியாகத் தீர்ந்துவிட்டது போலும்.

"நர்சம்மா வரலீங்களா?" என்றான்.

"அதுக்கு வேலையாமா," என்றாள் அத்தாயி.

நோட்டில் ஒரே ஒரு வரி. 'கேஸ் 17. யோசனைப்படியே நடக்கிறது. காரவள்ளிக்குப் போவதில்லை.' சாமியப்பன் அதன் எதிரில் 'மிக்க சந்தோஷம்' என்று எழுதினான். ஆனால் மனசில் சந்தோஷம் இல்லை. அவள் ஏன் வரவில்லை? மலைக்காரனைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவது கௌரவக் குறைச்சலாகிவிட்டதோ? சித்திரையிலும் அத்தாயிதான் வந்தாள். 'நல்லா இருக்காங்களா' என்று கேட்டனுப்பக்கூட அவனுக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை. வராதவளை நான் ஏன் கேட்க வேண்டும்...

வைகாசி நோட்டில் இருந்தது... 'கேஸ் 17. வீட்டார் சொல்லுக்குக் கட்டுப்பட்டாயிற்று. ஆவணியில் கல்யாணம்.'

அவன் எழுதினான்... 'நல்ல முடிவு. நம் வாழ்த்தைத் தெரிவிக்கவும்.'

ஆனியில் நாலு பேரும் சேந்தமங்கலத்தில் கூடுவதாக ஏற்பாடு. வருஷத்துக்கு ஒரு முறை எல்லாக் கேஸையும் சரிபார்க்க வேண்டும். வழியெல்லாம் அவளிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே சாமியப்பன் வந்தான். அவள் வரவில்லை. காளியண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நோட்டைப் புரட்டினார். நாலாம் நம்பருக்கு ஒரு வருஷம் முடிந்தது என்று சந்தோஷமாகப் படித்தார். பிறகு ஓரிடத்தில் நின்றார்.

"நாலு ஊர் ரிஜிஸ்டரையும் சேத்துப் பதினாறு கேஸுதானுங்க இருக்குது. நானே பாத்தேன். இந்தப் பதினேழு யாருன்னு தெரியலியே."

"புதுசா வந்த ஆளா இருக்குமுங்க," என்றார் ராசிபுரத்து வாத்தியார்.

காளியண்ணன் பக்கத்தைத் திருப்பி, நிதானமாக, உரக்கப் படித்தார். வயது இருபத்து மூன்று. மாதத்துக்கு ஒரே தடவை. மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். காரவள்ளி, பொதிமாட்டுக் கொட்டகை...

தான் படித்தபோது வெறும் கேஸாக இருந்தது, இன்னொருவர் குரலில் கேட்டபோது அவள் குரலாக இருந்தது. சாமியப்பன் எழுந்து நின்றுவிட்டான். கம்பவுண்டர் கண்ணாடிக்கு மேலாக அவன் முகத்தைப் பார்த்தார். நோட்டை மூடினார்.

"கண்ணு... நீ போறதுன்னாப் போயிட்டு வா," என்றார்.

அன்றைக்கு மழை இல்லை. ஆனி மாதத்துக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவன் ஓட்டமும் நடையுமாகக் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது, ருக்குமணி ஆஸ்பத்திரி வாசலில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அதே கறுப்புக் குடை.

"பதினேழு..." என்றான்.

"அந்தப் பேச்சு இப்ப எதுக்குங்க," என்றாள். "நாலு மாசமாச்சுங்க."

"நான் வேற எவனோன்னு நெனச்சுட்டேங்க."

அவள் முகம் மாறியது. அவனையே வெறித்துப் பார்த்தாள். "நெசமாவா? நான்... நீங்க புரிஞ்சுக்கிட்டுத்தான் எழுதியிருக்கீங்கன்னு இருந்தனுங்க. புடிக்கலைன்னு நேராச் சொல்ல மனசில்லாம, நோட்டுப் பாசையிலயே நாசூக்காச் சொல்லிட்டீங்கன்னு. எழுத்துக்கூட வழக்கத்தை விட அழகா இருந்துச்சு... இவ்வளவு நிதானமா எழுதியிருக்காரேன்னு அழுதேன்."

சாமியப்பன் கண்ணை மூடிக்கொண்டான். முத்துமுத்தாக எழுதிய ஒவ்வோர் எழுத்தும் உள்ளே குத்தியது.

"கல்யாணத்த நிறுத்திரலாமுங்க. நானே வந்து உங்கய்யங்கிட்டப் பேசறேன். அடிச்சா அடி வாங்கிக்கறேன்."

"மாப்பிள்ளை யாருன்னு கேக்கலீங்களே."

கேட்க வேண்டியதில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. "நாலு..." என்றான்.

"ஆறுமுகசாமின்னு பேரு. இனி நம்பர் எதுக்குங்க?" அவள் குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நிச்சயத்தன்னைக்கு எங்கிட்ட வந்து, 'ருக்கு, எனக்கு இப்பெல்லாம் கடை நேரம் வாரதே தெரியறதில்ல'ன்னாரு. சின்னப் புள்ளை மாதிரி சொன்னாரு. நான் இப்பக் கைய எடுத்தா அன்னைக்குச் சாயங்காலமே வழுக்கிருவாருங்க. உங்களுக்கும் இது தெரியும்."

தெரியும். அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தகப்பன் வழுக்கி வழுக்கி விழுந்த பதினோரு வருஷத்தையும் பக்கத்தில் இருந்து பார்த்தவன் அவன்.

"கல்யாணம் மருந்தில்லீங்க," என்றான். "நான் தப்பா எழுதிட்டேன். ஒரு ஆளை இன்னொரு ஆளுக்கு மருந்தாக் குடுக்கக் கூடாது."

"அடுத்த ஆளுக்கு எழுதறப்ப அப்படியே எழுதுங்க," என்றாள் ருக்குமணி. சிரித்தாள். அந்தக் கண்களில் கோபப் பாதியும் இல்லை, சிரிப்புப் பாதியும் இல்லை. நீர்தான் இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லோணும்..."

"சொல்லாதீங்க. நீங்க வாயால சொன்னா நான் ஊட்டுக்குப் போக மாட்டேன். நோட்டுல எழுதுங்க... நோட்டுல வந்தா நான் தாங்கிக்குவேன்."

உள்ளே ஏதோ ஒரு குழந்தை அழுதது. அவள் குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆடிச் சாரலில் மலை முழுக்க நனைந்துகொண்டிருந்தபோது அவன் எழுதினான். முத்துமுத்தாக இல்லை, கோணல்மாணலாக.

'கேஸ் 18. வயது இருபத்தேழு. பழக்கம் போன ஐப்பசியிலிருந்து. இடம் காரவள்ளி, பொதிமாட்டுக் கொட்டகை. நோய் இருப்பது இவருக்குத் தெரிந்திருந்தது, வாயைத் திறக்கத் தைரியமில்லை. எதிரில் ஒருவர் திறந்து சொன்னபோது காதும் கேட்கவில்லை. பிறருக்கு இவர் சொன்ன யோசனை எதுவும் இவருக்குக் கேட்கவில்லை. ஒரேயடியாகவும் விட முடியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகவும் விட முடியவில்லை. விட மனமும் இல்லை. — வா.நாடு.'

நோட்டு ராசிபுரம் போயிற்று, சேந்தமங்கலம் போயிற்று. ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிடித்துக்கொண்ட மழையில், அத்தாயி அதைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தாள்.

"முந்தா நேத்துக் கண்ணாலம் முடிஞ்சுதுங்க. இனி வேலைக்கு வராதாமா, மாப்பிள்ளை ஊருக்கே போவுது," என்றாள். "கண்ணாலத்துக்கு மொத நாளு இதை எங்கிட்டக் குடுத்துச்சு. ஈரக் கையோட தொட வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லச் சொல்லுச்சு."

அவன் துண்டால் கையைத் துடைத்தான். இன்னொரு தரம் துடைத்தான். பிறகு நோட்டை வாங்கி, வலப்பக்கத்தைப் பார்த்தான்.

வாத்தியார் எழுதியிருந்தார்... 'தினம் இரண்டு வேளை எலுமிச்சம்பழச் சாறு. சாயங்காலம் பஜனையில் சேர்க்கவும்.'

கம்பவுண்டர் எழுதியிருந்தார்... 'எனக்குத் தெரிந்த மருந்து எதுவும் இதற்குக் கேட்காது. வேளா வேளைக்குச் சாப்பிடவும்.'

அதற்குக் கீழே, பழகிய அந்த வட்ட எழுத்து.

'கேஸ் 17-ம் விடவில்லை. வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளப் பழகியாகிவிட்டது. 18-க்கும் அதுவே யோசனை. இனி இந்த இரண்டு நம்பரையும் நோட்டில் எழுத வேண்டாம். — ருக்குமணி.'

அவன் கடைசி வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நோட்டில் ஊர் பேசாமல் ஆள் பேசியது அந்த ஓர் இடத்தில்தான்.